மடத்து முற்றத்தின் வெயில் பக்கம்

என் புருசன் டிலோன் இத்தாலியில் ஒரு பழைய சந்நியாசிகள் மடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறார். ஊரில் யாராவது விசாரித்தால், என் மாமனார் பிலிப்பு "மகன் மடத்தில நிக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கிவிடுவார். கேட்டவர்கள் டிலோன் துறவறம் போய்விட்டதாக நினைத்து என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அன்ரனிட்டா, நீ அதுக்குச் சம்மதிச்சனியோ பிள்ளை?" என்று பூசை முடிந்து வரும்போது ஒரு மனுசி என் கையைப் பிடித்தே கேட்டுவிட்டாள். அவர் தும்புத்தடி பிடிக்கத்தான் போனவர், சிலுவை பிடிக்க இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலியாணம் முடிந்த கையோடு போனவர். நான் எங்கள் தீவில், நாரந்தனையில், மாமாவோடு இருந்துகொண்டு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் போனில்தான். அந்த மடத்துக்குப் பெயர் சான் திரிபோனே. மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. புனித ஆசீர்வாதப்பர் சபைச் சந்நியாசிகள் கட்டியது, தொள்ளாயிரம் வருசத்துக்கு மேலே பழசு. ஆரம்பத்தில் நான் அதை நெல்லி ரசம் செய்து விற்கிற எங்கள் தோலகட்டி ஆச்சிரமம் மாதிரி என்று நினைத்து, "அங்கயும் நெல்லி ரசம் விக்கினமோ?" என்று கேட்டேன். தேன் விற்கிறார்கள் என்றார். இப்போது அங்கே மிஞ்சியிருப்பது நாலைந்து கிழட்டுச் சாமிமார்தான், ஆனால் பார்க்க வருகிற சனத்துக்குக் குறைவில்லை.

போன மாரியில் ஒரு நாள் டிலோன் அவசரமாகப் போன் எடுத்தார். உயிர்த்த ஞாயிற்றோடு வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கும், ஆங்கிலத்தில் மடத்தைச் சுற்றிக் காட்ட ஒரு ஆள் தேடுகிறார்கள், தானும் கேட்டுப் பார்க்கவா என்றார். அது நிரந்தர வேலை. அதோடு மடத்து மதிலுக்கு வெளியே ஒரு சின்ன வீடும் கொடுப்பார்கள். நிரந்தர வேலையும் ஒழுங்கான வீடும் இருந்தால்தான் மனைவியைக் கூப்பிட அந்த நாட்டில் விடுவார்கள். அவர் அப்போது வேறு மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தார். ஆக, இந்த வேலை கிடைத்தால் நான் போவேன். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருசம் போனோடு குடும்பம் நடத்துவது என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஆங்கிலம் அவருக்குப் பிரச்சினை இல்லை, பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வரும். சரித்திரம்தான் மண்டைக்குள் ஏறாது. மாசி மாதம் அவரைச் சோதிக்க மூன்று பேர் வருவார்களாம். அவர்களுக்கு மடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும், அவர்கள் நடுவில் கேள்வி கேட்பார்கள்.

"நீர் படிச்சு எனக்குச் சொல்லுமன்," என்றார். "நீர் சொன்னால் நிக்கும். புத்தகத்தைப் பாத்தால் நித்திரை வருது."

மடத்துக் கடையில் விற்கிற புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். அதில் என்ன, எப்போது என்பதெல்லாம் இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை. ஏன் என்று தெரியாத ஒன்று என் தலையிலும் நிற்காது. சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் மாரடிக்கிறவள் நான், ஏன் ஏன் என்று கேட்டு அதுகளே என்னையும் பழுதாக்கிவிட்டன. பத்தாததற்குப் பிறவிக் குணமும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைதான் கேள்வி கேட்பார் என்று எல்லோரும் இருக்க, நான் கேட்ட கேள்விகளில் அவருக்கு வியர்த்தது.

முதலில் அந்த மடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டு வளவு மண்ணில் தடியால் கீறினேன், கோடு அழிந்து போனது. மாமாவின் பழைய வலைக் கயிற்றை எடுத்து, முளை அடித்துக் கட்டத் தொடங்கினேன்.

"பிள்ளை, உந்தக் கயிறு எனக்கு வேணும்."

"மாமா, உங்கட மகன் வேணுமோ, கயிறு வேணுமோ?"

அவர் யோசித்ததைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பிறகு தானே வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

கோயில் வாசலைக் கிழக்கே பார்க்க வைத்தேன். வேறு எங்கே வைப்பது? வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்காவும், "ஆருக்கு வீடு கட்டுறியள்? வாசல் கிழக்க வைச்சது நல்லம்," என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலுக்குள் நுழைந்தால் வலது கைப் பக்கத்தில் சாமிமாரின் முற்றம் என்று டிலோன் சொன்னார். அப்படியே வலது பக்கத்தில் ஒரு சதுரம் கட்டினேன். அதைச் சுற்றிச் சாப்பாட்டு அறை, படுக்கை மண்டபம், எழுதுகிற அறை எல்லாம் வந்தன. கோழிகள் சாப்பாட்டு அறைக்குள் போய் நின்று கிளறின.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மத்தியானம் முன்பள்ளி விட்டு வந்ததும் நான் கேட்பேன், டிலோன் போய் அங்கே இருக்கிற ஒரு கிழட்டுச் சாமியைப் பிடித்துக் கேட்டு வருவார். அந்தச் சாமி அவரைக் கண்டதும், "இண்டைக்கு உன்ர மனுசிக்கு என்ன வேணுமாம்?" என்று சிரிப்பாராம்.

கோயிலுக்குள் இருக்கிற தூண்கள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை? ஒன்று மொத்தம், ஒன்று மெலிவு, ஒன்று பச்சைக் கல், இன்னொன்று வரி வரியாய். அவை உரோமர் காலத்துக் கோயில் ஒன்றை உடைத்து எடுத்து வந்தவையாம். கட்டையாக இருந்தவற்றுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். நான் அதைப் போனில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இராசேஸ்வரி அக்கா கேட்டார்.

"கோயிலை உடைச்சுக் கோயில் கட்டினவையோ? அங்கயுமோ?"

பறங்கி இந்தத் தீவுகளில் சைவக் கோயில்களை என்ன செய்தான் என்பது எனக்கும் தெரியும். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மணிக் கோபுரத்தில் கீழ்த் தட்டில் ஒற்றை யன்னல், அடுத்ததில் இரண்டு, அதற்கு மேலே மூன்று. வடிவுக்கு என்றுதான் நான் நினைத்தேன். மேலே போகப் போகச் சுவரைக் குறைத்தால் பாரம் குறையும், அடி தாங்கும் என்று சாமி சொல்லி அனுப்பினார். நெப்போலியன் காலத்தில் சாமிமாரைத் துரத்திவிட்டு, கோயிலுக்குள் மாடு கட்டினார்களாம். பெரிய பீடத்துக்குப் பக்கத்திலேயே தொட்டி இருந்ததாம். நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்க எங்கட கோயிலுக்குள்ளயும் மாடு படுத்துக் கிடந்தது," என்றார். "நானும் இன்னும் ரெண்டு பேரும்தான் கழுவினனாங்கள். அவங்கள் ஆர் கழுவினவங்களாம்? கேள்."

கேட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் சாமிக்குப் பதில் தெரியவில்லை. மாமாவுக்கு அன்று முழுவதும் ஒரு பெருமை.

படுக்கை மண்டபத்தில் இருந்து ஒரு படிக்கட்டு நேரே கோயிலுக்குள் இறங்குகிறது. நடுச்சாமத்தில் எழுந்து செபிக்க வேண்டும் என்பது சபை விதி. சரி, முற்றத்தால் நடந்து போனால் என்ன, ஏன் இவ்வளவு கல்லைச் செலவழித்து உள்ளுக்குள்ளாலேயே படி கட்டினார்கள் என்று கேட்டேன்.

"வெளியில குளிராம்," என்றார் டிலோன்.

சமைக்கிற குசினியை விட்டால், முழு மடத்திலும் நெருப்பு மூட்ட விட்டது ஒரே ஒரு அறையில்தான் என்றும் சொன்னார். மற்ற அறைகளில் என்ன செய்தார்கள் என்றேன். "சும்மா இருந்திருப்பினம். சாமிமார்தானே," என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்த முற்றம்தான். நடுவில் வெளி, நாலு பக்கமும் கூரை போட்ட நடை, நடையின் ஓரத்தில் சோடி சோடியாய்ச் சின்னத் தூண்கள். படத்தைப் பார்த்ததுமே, இது எங்கள் நாற்சார் வீடுதானே என்றேன். வேலணையில் அப்படி ஒரு வீட்டில்தான் நான் ரியூசன் படித்தேன். அதைப் பற்றிப் புத்தகத்தில் நிறைய இருந்தது, தூணுக்குத் தூண் சிற்பம் எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் முற்றத்தை ஏன் கோயிலின் அந்தப் பக்கத்தில் வைத்தார்கள் என்று இல்லை. சாமிக்கு அந்தக் கிழமை காய்ச்சல், கேட்கவும் ஆள் இல்லை.

நானே கண்டுபிடித்தேன். என் கயிற்றுக் கோயிலுக்கு முன்னால் நின்று பார்த்தேன். வாசல் கிழக்கு. வலது பக்கம் வடக்கு. கோயிலின் உயரமான சுவர் தெற்கு வெயிலை மறைக்கும். ஆகவே சாமிமார் நாள் முழுவதும் நிழலில் உலாவிச் செபமாலை சொல்லலாம். எவ்வளவு கெட்டிக்காரர்கள்! மத்தியான வெயில் என் உச்சியைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கட்டடக்காரனைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

"நிழலுக்குத்தானப்பா," என்று டிலோனிடம் சொன்னேன். "கேட்டால் அப்பிடிச் சொல்லுங்கோ. புத்தகத்தில இல்லாததைச் சொன்னால் அவைக்கு உங்களில ஒரு மதிப்பு வரும்."

"ஓம், அது சரிதான். நிழலுக்குத்தான் இருக்கும்," என்றார். ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. அவரும் நாரந்தனைதானே.

சோதனை நாள் வந்தது. அங்கே காலை, இங்கே பின்னேரம் ஆகப்போகிற நேரம். டிலோன் போனை அழுத்திவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வேப்பமரத்தின் கீழே கதிரையைப் போட்டு, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். மாமா வலையைத் தொடவே இல்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். மடத்தைப் பார்க்க வருகிறவர்களை நடத்துகிற அமைப்பின் தலைவர், அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒரு இளம் பெட்டை, கட்டடக்கலை படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. சப்பாத்துச் சத்தத்தை வைத்தே இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கல் தரை, பிறகு படி, பிறகு எதிரொலி. அப்படியென்றால் கோயில். தூண்கள் எங்கிருந்து வந்தன என்று சொன்னார். கோபுரத்து யன்னலைச் சொன்னார். மாடு கட்டியதைச் சொன்னபோது, தன் தகப்பனும் எங்கள் ஊர்க் கோயிலில் மாட்டுச் சாணம் கழுவினவர் என்று தானாகவே சேர்த்துவிட்டார். அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது, குரலில் தெரிந்தது.

"என்னவாம்?" என்றார் மாமா.

"நல்லாப் போகுது. உங்களைப் பற்றியும் சொன்னவர்."

பிறகு ஒரு கதவு கிறீச்சிட்டது. எதிரொலி நின்றது, குருவிச் சத்தம் கேட்டது. முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா ஆறுதலாக ஆங்கிலத்தில் கேட்டார்: முற்றத்தைக் கோயிலின் இந்தப் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்?

எனக்கு எழுந்து துள்ள வேண்டும்போல இருந்தது. நான் எதிர்பார்த்த அதே கேள்வி!

டிலோன் சொன்னார்: நிழலுக்காக.

அந்தப் பெட்டை சிரித்தாள். தலைவரும் சிரித்துவிட்டார். நிழலா, நீ எங்கே நிற்கிறாய் என்று பார், உன் முகம் முழுக்க வெயில் என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்துச் செபிப்பார்கள், அதனால் பீடம் கிழக்கில், வாசல் மேற்கில். அப்போது உள்ளே போகிறவனுக்கு வலது பக்கம் தெற்கு. கோயிலின் பெரிய சுவர் வடக்கில் இருந்து வருகிற குளிர்காற்றை மறைக்கிறது, தெற்கு வெயில் முழுவதும் அந்தச் சுவரில் விழுகிறது. வெயிலில் இருந்து தப்புவதற்கு இல்லை, வெயிலைப் பிடித்து வைப்பதற்கே இந்த முற்றம்.

நான் வளவைப் பார்த்தேன். வாசலைக் கிழக்கே வைத்தது நான். முழு மடத்தையும் பின்னுக்கு முன்னாய்த் திருப்பிக் கட்டிவிட்டு, அதற்குள் நின்றுகொண்டு கெட்டித்தனம் கதைத்தவளும் நான். வெயிலைப் பிடித்து வைக்க ஒருவன் கல்லால் சுவர் கட்டுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சாட்டிக் கடற்கரைக்குப் போனாலே முதலில் மர நிழல்தான் தேடுகிறோம். போயிற்று, எல்லாம் போயிற்று, என் வாயால் அவருடைய வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு டிலோன் பேசினார். பாடமாக்கியதைச் சொல்கிற குரல் இல்லை, என்னோடு கதைக்கிற குரல்.

இது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். மூன்று குளிர்காலமாகத் தினமும் விடிய இந்த நடைகளைக் கூட்டுகிறேன், தண்ணீர் வாளிக்குள் கை வைத்தால் விரல் விறைத்துத் தடியைப் பிடிக்க முடியாது, தோல் வெடித்து இரத்தம் வரும் என்றார். ஆகவே கோயில் சுவரோடு இருக்கிற நடையைக் கடைசியாகத்தான் கூட்டுவேன். அதற்குள் வெயில் அங்கே வந்துவிடும். அந்தச் சுவரில் இருக்கிற கல் வாங்கில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கல்லில் வைத்துக்கொண்டிருப்பேன், கல் சுடும். அந்த வாங்கு நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. எனக்கு முதல் எத்தனையோ பேர் அதில் அப்படித்தான் இருந்திருப்பார்கள். நிழலுக்கு என்று சொன்னது என் மனைவி. எங்கள் ஊரில் சுவர் கட்டுவது நிழலுக்குத்தான். இங்கே இருக்கிற குளிரை நான் அவளுக்குச் சொன்னதில்லை, ஆகவே பிழை அவளுடையது இல்லை என்றார்.

அந்த அம்மா மெதுவாகப் பதில் சொன்னார். எழுதுகிற சாமிமார் மாரிக் குளிரில் அந்த வாங்கில்தான் இருந்து வாசித்தார்கள், கை விறைத்து எழுத முடியாமல் போகும் என்றார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"என்னவாம் பிள்ளை? என்னவாம்?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

இருட்டுப்படுகிற செக்கல் நேரத்தில் டிலோன் எடுத்தார். வழக்கம்போல மடத்துக் குசினிக்குள் இருந்தார். அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"கிடைச்சிட்டுதப்பா! அந்தப் படிப்பிச்ச மனுசிதான் கட்டாயம் இவர்தான் வேணும் எண்டு நிண்டது. வீடும் பங்குனியில தருவினம். உம்மட விசா அலுவலைத் தொடங்கலாம். கேக்குதோ? நீர் வரலாம்!"

மாமா எழுந்து சிலுவை அடையாளம் போட்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருசம் காத்திருந்தேன். கேட்டதும் துள்ளிக் குதிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கையைக் காட்டுங்கோ," என்றேன்.

"என்ன?"

"கையைக் காட்டுங்கோ எண்டு சொல்லுறன்."

"வேலை கிடைச்சிட்டுது எண்டுறன், நீர் கையைக் கேக்கிறீர். விசரே உமக்கு?"

"காட்டுங்கோ."

அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருசத்தில் அவர் தூணைக் காட்டினார், கோபுரத்தைக் காட்டினார், தன் முகத்தைக் காட்டினார். கையை ஒரு நாளும் படத்துக்குள் விட்டதில்லை. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, மெல்ல இரண்டு கையையும் முன்னே கொண்டுவந்தார். விரல் மொளிகள் எல்லாம் வெடித்த குதிக்கால் மாதிரிக் கிடந்தன. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. நான் மோதிரம் போட்ட கை அது என்று யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு அவரில் கோபம் கோபமாக வந்தது. பக்கத்தில் நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் சிரிக்கத்தான் பார்த்தார்.

"நீர் கேக்கேல்லையே," என்றார். "தூண் ஏன் மொத்தம், படி ஏன் உள்ளுக்க இறங்குது, எல்லாம் கேட்டனீர். எல்லாத்துக்கும் ஓடி ஓடி மறுமொழி கொண்டந்து தந்தனான். இதையும் ஒரு நாளைக்குக் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மாமாவுக்கு முன்னால் வெட்கப்படாமல் அழுதேன். டிலோன் கையை எடுக்கப் பார்த்தார்.

"எடுக்காதேங்கோ," என்றேன். "அப்பிடியே வைச்சிருங்கோ."